எட்டாவது கேள்வியும் என் அழிரப்பரும்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு என் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மனிதரின் இரண்டு சிறுநீரகங்களையும் நான் ஓர் அழிரப்பரை வைத்துக் கெடுக்கப் பார்த்தேன். ஊசியை மாற்றிப் போடவில்லை, மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிற சாதாரண ரப்பர்தான்.

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். என் முப்பது வருடத் தாதி வேலையில் பதினான்கு வருடம் அங்கே ஆண்களின் சிறுநீர்ப் பிரிவில் இருந்தேன். இப்போது ஓய்வுபெற்று பொந்தியானில் வீட்டோடு இருக்கிறேன். அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். பேசினால் பாதிப் பேர் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்பது தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

குழாய் போடுவது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது, நோயாளி உள்ளே நுழைந்ததும் நாம் கையில் கொடுக்கிற அந்த ஒரு பக்கத் தாளைப் பற்றி. எட்டுக் கேள்விகள். முதல் ஏழும் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருந்ததா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருந்ததா, விட்டுவிட்டு வந்ததா, அடக்குவது கடினமாக இருந்ததா, வேகம் குறைந்ததா, முக்க வேண்டியிருந்ததா, இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து ஐந்து வரை எண்கள் இருக்கும், ஒன்றை வட்டமிட வேண்டும். எட்டாவது கேள்வி தனி. வாழ்நாள் முழுக்க இதே நிலைமை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதற்குச் சுழியம் என்றால் மகிழ்ச்சி, ஆறு என்றால் மகா கொடுமை.

வந்த புதிதில் இந்தத் தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து அறையில் ஸ்கேன் அது இது என்று இத்தனை இயந்திரங்கள் இருக்கும்போது, பென்சிலால் வட்டம் போடுகிற விளையாட்டு எதற்கு என்று நினைத்தேன்.

தாளின் தலைப்பிலேயே 'நோயாளி தாமே நிரப்ப வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நான் படித்ததே இல்லை என்று சொன்னால் பொய். படித்தேன், மதிக்கவில்லை. ஏனென்றால் நம் ஆண்களை உங்களுக்குத் தெரியும். கண்ணாடியை வண்டியில் விட்டுவிட்டு வருவார்கள். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இல்லாவிட்டால் மனைவி பிடுங்கிக்கொள்வார். "இவரக் கேட்டா என்ன தெரியும் மிஸ்ஸி, ராத்திரியெல்லாம் பாத்ரூம் கதவு சத்தம் கேக்கறது எனக்குத்தானே" என்று டக் டக்கென்று வட்டம் போடுவார். இங்கே தாதி என்றால் எல்லாருக்கும் மிஸ்ஸிதான். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கோ வேலை ஓட வேண்டும். என் கை வேகம் அந்தப் பிரிவிலேயே பேர் பெற்றது. வரிசையாகப் போய் நின்று, கேள்வியை நானே சத்தமாக வாசிப்பேன், நானே வட்டமிடுவேன். சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். "வேகம் குறைஞ்சிருக்கா அண்ணே?" என்பேன். "இல்ல மிஸ்ஸி" என்பார்கள். நாற்பது ஆண்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்த ஆண் ஆமாம் என்பான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் இருபது தாள் முடித்துவிட்டேன் என்று பெருமையாகப் போய்த் தேநீர் குடிப்பேன்.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். ஆறுமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. ஐம்பத்தெட்டு வயது. ஜொகூர் பாருவிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் இறக்கிவிட்டு வருகிற வேலை. மாவட்டக் கிளினிக் கொடுத்த கடிதத்தில் பொதுவாகப் பரிசோதிக்கவும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மனைவியும் கூட வந்திருந்தார். அன்றைக்கு ஆறுமுகம் என் கையை எதிர்பார்க்காமல் தாமாகவே பென்சிலை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். ஏழு கேள்விக்கும் சுழியம். கோசோங் என்போமே, அதுதான். எட்டாவதில் மட்டும் ஆறைச் சுற்றி வட்டம். ஒரு வட்டமல்ல, மூன்று வட்டம், ஒன்றின் மேல் ஒன்றாக.

எனக்குச் சட்டென்று பட்டது இதுதான்: மனுஷன் பெரிய எண் என்றால் நல்லது என்று நினைத்துவிட்டார். உபாதையே இல்லாதவருக்கு வாழ்க்கை எப்படி மகா கொடுமையாக இருக்கும்?

"என்னண்ணே, ஏழுலயும் கோசோங் போட்டுட்டு எட்டாவதுல ஆறு போட்டிருக்கீங்க. ஆறுன்னா ரொம்ப மோசம்னு அர்த்தம். மாத்தி போட்டுட்டீங்களா?" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது. வார்டின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். "ஆமா மிஸ்ஸி, தெரியாம போட்டுட்டேன்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். ஆறை அழித்தேன். சுழியத்தை வட்டமிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் மேசையில் இரண்டு தட்டு இருக்கும். எட்டில் எதிலாவது எண் கூடுதலாக வந்தவர்கள் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க ஒரு தட்டு. குறைவாக வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத் தேதி, அது இன்னொரு தட்டு. ஆறுமுகத்தின் தாளை ஆறு மாதத் தட்டில் போட்டு, தேதி அட்டை கொடுத்து, "ஒன்னும் இல்லண்ணே, போய்ட்டு வாங்க" என்று அனுப்பினேன். போகும்போது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதையும் நான் பார்த்தேன், ஆனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் பிரிவுக்கு அப்போது ஒரு மலாய்க்கார மருத்துவர் இருந்தார். மெர்சிங்கில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஆறு மாதத் தட்டில் உள்ள தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அவருக்கு வேறு வேலை இல்லை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசியிருக்கிறோம்.

அன்றைக்கு அவர் ஒரு தாளைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிறகு மேசையில் வைத்து, பென்சிலைச் சாய்த்து, எட்டாவது கேள்வியின் மேல் லேசாகத் தேய்த்தார். நான் அழித்த இடத்தில் மூன்று வட்டமும் வெள்ளையாக எழுந்து வந்தன. தாளில் அவ்வளவு பள்ளம். அவ்வளவு அழுத்தியிருக்கிறார் மனுஷன்.

"சியாப்பா பாடாம்?" என்று கேட்டார். யார் அழித்தது என்று அர்த்தம்.

"நான்தான் டாக்டர்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. தவறுதலாக வட்டமிடுகிறவன் மூன்று தடவை சுற்றமாட்டான் என்றார். பிறகு அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "முதல் ஏழும் நாம் கேட்கிற கேள்வி, சிஸ்டர். எட்டாவது ஒன்றுதான் அவர் பேசுவதற்கு இருக்கிற இடம்." இந்த வாரத்துக்குள் அவரைத் தாம் பார்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாளை என் கையில் கொடுத்தார்.

ஆறுமுகத்தின் கைபேசிக்கு அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பேருந்து ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? பதிவேட்டில் இரண்டாவது எண் மனைவியுடையது. அங்கேதான் என் விரல் நின்றது. மனைவியின் முன்னால் சொல்ல முடியாமல்தான் அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டார். இப்போது நானே அந்த மனைவியிடம் போய், உங்கள் கணவருக்கு ஏதோ இருக்கிறது என்று சொன்னால், அவர் மறுபடி என் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். சொல்லாமல் விட்டால் சிறுநீரகம் போகலாம். ஐந்து நிமிடம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருட வேலையில் என் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் அழைத்தேன். "அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். அண்ணனோட ஃபாரத்துல நா ஒரு இடத்துல மாத்தி எழுதிட்டேன். தப்பு என்னோடது. அத சரி பண்ணணும். அவர மட்டும் நாளைக்குக் காலையில ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். "மிஸ்ஸி, அவருக்கு என்மேல ஏதாச்சும் கோவமா? உங்ககிட்ட ஏதும் சொன்னாரா? ஆறு மாசமா ஹால்லதான் படுக்கறாரு. கேட்டா முதுகு வலி, மெத்த ஒத்துக்கலன்னு சொல்றாரு. பக்கத்துல போனாலே எழுந்து போயிடறாரு. நா என்ன பண்ணேன்னே தெரியல."

"கோவமெல்லாம் இல்லக்கா, வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. மருத்துவரிடம் போய் நின்றேன். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தொழிற்சாலைப் பேருந்துகள் காலை நடையை முடித்துவிட்டு வந்து நிற்கிற திடல் தம்போய் பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். நிழலில் நாலைந்து ஓட்டுநர்கள் தே தாரேக் டீ குடித்தபடி டாம் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். என் வெள்ளைச் சீருடையைப் பார்த்ததும் ஒருவர், "அலமாக், ஆறுமுகம், ஊசி போட வந்துட்டாங்க லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறுமுகம் சிரிக்கவில்லை.

"ஃபாரத்துல நா தப்பு பண்ணிட்டேன். திருப்பி எழுதி வாங்கிட்டுப் போகலன்னா டாக்டர் என்ன விடமாட்டாரு" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். என் பெரிய குரல் அன்றைக்காவது உபயோகப்பட்டது.

அவர் தன் பேருந்தில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் புதுத் தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். ரப்பர் கொடுக்கவில்லை. "இதுல நா ஒன்னும் கேக்கமாட்டேன், பாக்கமாட்டேன். முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, பேருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். எட்டுக் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். என் மனதில் ஒரே நம்பிக்கை: தனியாக இருக்கிறார், இந்தத் தடவை உண்மையான எண் வரும்.

கூப்பிட்டார். தாளை நாலாக மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் ஏழு கேள்விக்கும் அதே கோசோங். எட்டாவதில் அதே ஆறு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு தூரம் அலைந்து வந்தும் மனுஷன் மறைக்கிறாரே என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் தாளின் அடியில், ஓரத்தில், கோணல் மாணலாக ஒரு வரி எழுதியிருப்பதைப் பார்த்தேன். 'என் விஷயம் இந்த ஏழில் இல்லை.'

நான் அவர் எதிரில் போய் நிற்கவில்லை. ஏன் என்று தெரியாது, கால் தானாக அவருக்குப் பின்னால் இருந்த இருக்கைக்குப் போனது. அங்கே உட்கார்ந்தேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஏழாவதுல ராத்திரி எத்தன தடவ எழுந்திருக்கறீங்கன்னு கேக்குது மிஸ்ஸி. நா எழுந்திருக்கறதே இல்ல. கோசோங் உண்மதான்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுந்திருச்சா நல்லாருக்குமே. காலையில பாய் நனைஞ்சு கெடக்குது."

நான் தாளை மறுபடி மடித்தேன்.

"அம்பத்தெட்டு வயசு. என் பேரன்கூட இப்ப நனைக்கறதில்ல."

பிறகு எல்லாம் வந்தது. ஆறு மாதமாக இப்படி. வலி இல்லை, அவசரம் இல்லை, முக்கல் இல்லை. தூக்கத்தில் தானாகப் போய்விடுகிறது. மனைவி எழுவதற்குள் எழுந்து பாயை அலசிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பாலத்து நெரிசலில் மூன்று மணி நேரம் சிக்கினாலும் இறங்காமல் ஓட்டுகிற ஆள் அவர். "அடக்கறதுல என்ன அடிச்சுக்க ஆளே கெடையாதுன்னு இவனுங்ககிட்ட பீத்திக்கிட்டிருந்தேன் மிஸ்ஸி. இப்ப தூக்கத்துல அடக்க முடியல. என்னத்த சொல்ல?"

"அன்னைக்கு ஏன் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க சத்தமா கேட்டீங்க. பக்கத்துல வீட்டுக்காரி. வேற என்ன சொல்றது?"

அவர் ஓர் எண்ணைக்கூடப் பொய்யாகப் போடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உலகம் முழுக்க உபயோகிக்கிற அந்த ஏழு கேள்வியும் அவருடைய கதவைத் தட்டவே இல்லை. தட்டாத கதவுக்குச் சுழியம் போட்டுவிட்டு, மனதில் இருந்த அத்தனையையும் கொண்டுபோய் எட்டாவது கேள்வியில் மூன்று வட்டமாக இறக்கி வைத்திருக்கிறார். பெண்டாட்டியிடம் சொல்லாததை, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை, ஒரு தாளிடம் சொல்லியிருக்கிறார். அப்படி அவர் சொன்னதை நான் ரப்பரால் துடைத்துத் தட்டில் போட்டேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன். நோயாளியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல லா மிஸ்ஸி. திரும்பி வந்தீங்களே" என்றார்.

பேருந்துச் சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டு என் காரிலேயே வந்தார். படுக்கையில் படுக்க வைத்து மருத்துவர் வயிற்றில் கை வைத்தார். சிறுநீர்ப்பை தொப்புள் வரைக்கும் ஏறியிருந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். ஒரு முலாம்பழம் மாதிரி உருண்டு நின்றது, ஆனால் அவருக்கு வலியே இல்லை. வருடக்கணக்காக மெல்ல மெல்ல நிரம்பி, புரோஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை அடைத்ததால் வெளியேற முடியாமல், சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி அழுத்திக்கொண்டிருந்தது. தூக்கத்தில் கசிந்ததெல்லாம் நிரம்பி வழிந்த மிச்சம். வயதான ஆண் உபாதையே இல்லாமல் படுக்கையை நனைத்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். என் புத்தகத்திலும் இருந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மருத்துவர் அதை என்னிடம் காட்டி, நீங்கள் கொடுத்த தேதிக்கு இவர் வந்திருந்தால் வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் உயிர் வாழ்ந்திருப்பார் என்றார். அந்தப் பக்கத்து அறை ஸ்கேன் இயந்திரங்களில் எதுவும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அவரை அந்த அறைக்கு நான் அனுப்பினால்தானே?

மனைவியிடம் அவரே சொன்னார், வார்டில், திரைச்சீலையை இழுத்துவிட்டு. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டது. "இதுக்கா மனுஷா ஆறு மாசமா ஹால்ல படுத்துக் கெடந்தே? நா செத்துட்டேனா?" அதன் பிறகு துண்டால் பட்டென்று ஓர் அடி. பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே கூடத்தின் மூலையில், சன்னலைப் பார்த்தாற்போல் ஒரு சின்ன மேசை போட்டோம். நோயாளி தனியாகப் போய் உட்கார வேண்டும். கண்ணாடி மறந்தவர்களுக்கு இரவல் கண்ணாடி. பென்சிலைக் கயிற்றில் கட்டிவிட்டோம், ரப்பர் கிடையாது. படிக்கத் தெரியாதவர்களை மட்டும் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வாசித்துக் காட்டினோம். தாளின் அடியில் நானே கையால் ஒரு வரி சேர்த்தேன், மூன்று மொழியில்: 'கேட்காதது ஏதாவது உண்டா?' அதன் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டில் ஆண்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தேன். பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டேன் என்று ஒருவர். தீவுக்குப் படகு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், காரணம் யாருக்கும் தெரியாது என்று ஒருவர். தேவாலயத்தில் கதவோரம்தான் உட்காருகிறேன் என்று ஒருவர். நாற்பது பேர் நடுவில் நான் கத்திக் கத்திக் கேட்டபோது, "இல்ல மிஸ்ஸி, ஒன்னும் இல்ல" என்று சொன்னவர்களும் இதே மாதிரி ஆட்கள்தான். வாய்க்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கையில் டேப்லெட். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் திரையில் சிவப்பாக மின்னுகிறது, சரிசெய்யச் சொல்கிறது என்று கேள்விப்பட்டேன். என் காலத்தில் அழிப்பதற்கு ஒரு ரப்பராவது தேவைப்பட்டது, பள்ளமாவது மிஞ்சியது. உங்களுக்கு விரல் பட்டால் போதும், தடயமே இருக்காது. பிள்ளைகளே, சிவப்பாக மின்னினால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். எழுந்து போய் அந்த மனிதரின் பக்கத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவர் முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள்.

ஆறுமுகத்தின் சிறுநீரகங்கள் முழுசாகத் தேறவில்லை, ஆனால் இயந்திரம் தேவைப்படாத அளவுக்குத் தேறின. பிறகு அடைப்பை நீக்க அறுவை சிகிச்சை நடந்தது. அது முடிந்து இரண்டு மாதம் கழித்து மறுபார்வைக்கு வந்தார். மனைவியும் வந்தார், ஆனால் தூணோரமாகவே நின்றுகொண்டார். ஆறுமுகம் மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்து நிரப்பினார். நான் என் வேலையைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டாவது கேள்விக்குச் சுழியம். முதல் ஆறு கேள்விக்கும் சுழியம். ஏழாவதில் மட்டும், இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள் என்ற இடத்தில், ஒன்று. அதைச் சுற்றி மூன்று வட்டம்.

"ஒரு தடவ எழுந்திருச்சேன் மிஸ்ஸி" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஏழு கேள்வியில் முன்பு அவருடைய கணக்கு சுழியம். இப்போது ஒன்று கூடியிருக்கிறது. மொத்தம் என்ற கட்டத்தில் அந்த ஒன்றை நான் பேனாவால் எழுதினேன்.